பாடசாலை நூலகத்தில் தகவல் தேடப் பழக்குவது எப்படி: பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு ஒரு தவணைக்கான முழு வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புதிதாக நூலகப் பொறுப்பேற்ற ஆசிரிய நூலகர்களுக்காக இதை எழுதுகிறேன். நூலகரே இல்லாத பாடசாலையில் நூலகச் சாவியை வாங்கி வைத்திருக்கும் பாட ஆசிரியருக்கும் இது பயன்படும்.

தவணை முடிவில் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். தரம் 7 அல்லது 8 படிக்கும் பிள்ளை தன் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும். நூல், ஆள், இணையம் ஆகிய மூன்றிலும் விடை தேடும். கிடைத்தவற்றை ஒப்பிட்டுத் தன் சொல்லில் எழுதும். எதை எங்கிருந்து எடுத்தது என்றும் சொல்லும்.

தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகத்தில் பயின்றவர்களுக்குத் தகவலைத் தேடிப் பயன்படுத்துவதற்கான எட்டுப் படி மாதிரி தெரிந்திருக்கும். 2004இல் கொழும்புப் பட்டறையில் பத்து ஆசிய நாடுகளின் நூலகர்கள் கூடி வகுத்தது அது: அடையாளம் காணல், ஆராய்தல், தெரிதல், ஒழுங்கமைத்தல், ஆக்கல், முன்வைத்தல், மதிப்பிடல், பிரயோகித்தல். அந்த வரிசையில் குறை இல்லை. ஆனால் நம் பாடசாலைகளில் முதற்படிக்கு முன்பே மூன்று வேலை இருக்கிறது: அலுமாரி, பாட ஆசிரியர், பெற்றோர். முயற்சிகள் பெரும்பாலும் சறுக்குவது அந்த மூன்றில்தான். குறிப்பாகப் பெற்றோரைக் கடைசி நாள் கண்காட்சிக்கு மட்டும் அழைக்கும்போது எல்லாம் கைமீறிப் போயிருக்கும். அவர்களைத் தொடக்கத்திலேயே கூப்பிட வேண்டும். ஏன் என்பதை 4ஆம் பகுதியில் சொல்கிறேன்.

1. காலத்தைத் தெரிவு செய்யுங்கள்

ஒக்டோபரில் தொடங்காதீர்கள். அது தேசிய வாசிப்பு மாதம். பேச்சு, கட்டுரை, ஊர்வலம், பதாகை என்று நூலகமே நிறைந்து கிடக்கும், பிள்ளை இருந்து தேட இடமிருக்காது. அது முடிந்தால் வடகீழ்ப் பருவ மழை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் வெள்ளம் ஏறினால் பாடசாலை இடம்பெயர்ந்தோர் முகாமாகவும் மாறும்.

பெற்றோரின் நாட்காட்டியையும் பாருங்கள். பெரும்போக அறுவடை நாட்களில் வயற்காரக் குடும்பங்கள் கூட்டத்துக்கு வராது. கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் வைகாசியில் பல ஊர்களில் வீடே கோயிலில் இருக்கும். முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதத்தையும் வெள்ளிக்கிழமையையும் தவிருங்கள். இவை போக மிஞ்சும் எட்டு அல்லது ஒன்பது கிழமைகளே உங்கள் தவணை. வேலையை அதற்குள் அடக்குங்கள்.

2. மூன்று தட்டுகளை மட்டும் ஒழுங்கு செய்யுங்கள்

பொறுப்பேற்றவுடன் முழு நூலகத்தையும் பகுத்து, சேர்வுப் பதிவேட்டை (நூலகத்தில் சேர்ந்தவற்றை எண்ணிட்டுப் பதியும் ஏடு) புதுப்பித்து, பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விடுவது என்று நினைப்பவர்கள் அந்த ஆண்டில் ஒரு பிள்ளையையும் உள்ளே விடுவதில்லை. தேடலுக்கு வேண்டிய தட்டுகளை மட்டும் முதலில் எடுங்கள்.

முதலாவது உசாத்துணைத் தட்டு: அகராதி, கலைச்சொல் தொகுதி, கலைக்களஞ்சியம், நிலப்படத்தொகுதி, மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல். இவை இரவல் போகாது, ஆனால் பூட்டியும் இருக்கக்கூடாது. கண்ணாடி அலுமாரியில் பூட்டிய கலைக்களஞ்சியத்தைப் பிள்ளை படமாக மட்டுமே பார்க்கும்.

இரண்டாவது, நீங்கள் எடுக்கப்போகும் கேள்விக்குரிய நூல்கள். நூல்களை விடயவாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் ஒரே விடயம் பல இடத்தில் கிடக்கும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். தண்ணீரைப் பற்றிய கேள்வி என்றால் நிலத்தடி நீர் 551இல், குடிநீர் வழங்கல் 628இல், நீர்ப்பாசனம் 631இல். மூன்றையும் ஒரே தட்டில் குவித்து வைத்தால் பிள்ளைக்கு எளிதாகிவிடும். தேடலும் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே நூலை இடம் மாற்றாதீர்கள். எண்களைப் பெரிதாக எழுதித் தட்டின் விளிம்பில் ஒட்டுங்கள், தேடிப் போகட்டும்.

மூன்றாவது, ஊர்ப் பெட்டி. ஒரு அட்டைப் பெட்டி போதும். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிவாசல் மலர், பழைய மாணவர் மலர், பிரதேச சாகித்திய விழா மலர், பத்திரிகை நறுக்கு, கமநல சேவை நிலையத் துண்டுப்பிரசுரம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுத்த டெங்கு அறிவித்தல், எல்லாம் இதற்குள் போகும். நம் ஊரைப் பற்றிய தகவல் அச்சுப் புத்தகத்தில் குறைவு, இந்த மலர்களில்தான் கூடுதலாக இருக்கிறது. பெற்றோர் வீட்டிலிருந்து தரக்கூடிய முதற்பொருளும் இதுவே.

3. ஒரு வகுப்பு, ஒரு பாட ஆசிரியர்

எல்லா வகுப்புக்கும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். ஒரு வகுப்பு போதும். விஞ்ஞானம், புவியியல், வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களில் மனம் உள்ள ஒருவரைப் பிடியுங்கள்.

தேடல் ஒரு பாடத்தின் ஒப்படையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். காரணம் எளிது. புள்ளி இல்லாத வேலையை வீட்டில் எவரும் கணக்கெடுக்க மாட்டார்கள், தனியார் வகுப்பு முன்னுக்கு வந்துவிடும். பாட ஆசிரியரிடம் புதிய ஒப்படை கேட்காதீர்கள். அவர் எப்படியும் கொடுக்கப்போகும் ஒன்றையே கேட்டு வாங்குங்கள். தன் வேலை அதிகமாகாது என்று தெரிந்தால் அவர் உடன்படுவார்.

நேரசூசியில் நூலகப் பாடவேளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பல இடங்களில் வராத ஆசிரியருக்குப் பதிலாகப் பிள்ளைகளை அடைத்து வைக்கும் நேரமாகவே அது போகும். எட்டுக் கிழமைக்கு அந்த ஒரு பாடவேளையை வேறெதற்கும் எடுப்பதில்லை என்று அதிபரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

4. பெற்றோர் கூட்டம்: தேடல் தொடங்குமுன்

ஒப்படை வீட்டுக்குப் போன பிறகு பெற்றோரைக் கூப்பிட்டால் காலம் கடந்துவிட்டது. அதற்குள் தாய் கொப்பியோடு கம்யூனிகேஷன் கடைக்குப் போயிருப்பார், கடைக்காரர் தலைப்பைக் கூகிளில் அடித்து நாலு பக்கம் பிறிண்ட் எடுத்துக் கொடுத்திருப்பார், அழகான பைலுக்குள் அது பாடசாலைக்கு வந்திருக்கும். அந்தத் தாயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்குப் புள்ளி குறையக்கூடாது என்று தன்னிடம் இருந்த காசில் செய்தார். வேறு என்ன செய்யலாம் என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

கடிதத்தில் எழுதவேண்டியது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தோடு இதை இணைக்காதீர்கள். அங்கே காசுப் பேச்சு வரும். நூலகம் என்றாலே நன்கொடை கேட்கப்போகிறார்கள் என்று நினைத்து வராமல் விடுபவர்கள் பலர். ஆகவே கடிதத்தின் முதல் வரியே இப்படி இருக்கட்டும்: “இக்கூட்டத்தில் பணம் எதுவும் கேட்கப்படாது.” இரண்டாவது வரியில் நேரம். முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் போகாது என்று எழுதி, அதைக் காப்பாற்றுங்கள்.

நேரம். கடற்கரை ஊர்களில் தோணி கரைக்கு வந்து மீன் விலைபோன பிறகு. வயல் ஊர்களில் பின்னேரம். வெளிநாட்டில் வேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அம்மம்மாவோ பெரியம்மாவோ வருவார். “பெற்றோர்” என்று மட்டும் எழுதினால் தன்னை அழைக்கவில்லை என்று அவர் நினைக்கக்கூடும். “பெற்றோர் அல்லது பிள்ளையை வளர்ப்பவர்” என்று எழுதுங்கள்.

கூட்டத்தில் செய்யவேண்டியது. தகவல் திறன் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்காதீர்கள். ஒரு கேள்வியைப் போடுங்கள்: “உங்கட கிணற்றுத் தண்ணி எந்த மாதம் உப்புக் கரிக்கும்? எத்தனை வருசமா?” சபை ஒரு நிமிடம் அமைதியாக இருக்கும். பிறகு ஒருவர் சொல்வார், அடுத்தவர் மறுப்பார், மூன்றாமவர் தன் வளவுக் கிணறு அப்படியில்லை என்பார். அவர்கள் சொல்வதையெல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். எழுதி முடித்து, “நீங்கள் சொன்ன இதுவும் தகவல்தான். இதை உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்டு எழுதி வரும். புத்தகத்தில் உள்ளதோடு வைத்துப் பார்க்கும்” என்று சொல்லுங்கள்.

“நாங்க படிக்காத ஆக்கள் டீச்சர், எங்களுக்கு என்ன தெரியும்?” என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். கரும்பலகையைக் காட்டுங்கள். வேறு பதில் வேண்டியதில்லை.

கேட்கவேண்டியவை மூன்று மட்டும். பிள்ளை கேள்வியோடு வரும்போது இருபது நிமிடம் இருந்து பதில் சொல்லுங்கள். தேடிய நாட்களில் பிள்ளை சொல்வதைக் கேட்டுவிட்டு, “இத ஆரு சொன்ன? எங்க இருந்திச்சு? வேற ஆரும் இப்பிடிச் சொல்றாங்களா?” என்று விசாரியுங்கள். ஒப்படையை நீங்கள் எழுதவோ, பிறிண்ட் எடுத்துக் கொடுக்கவோ வேண்டாம். இரண்டாவதுக்கு எழுத்தறிவு தேவையில்லை என்பதால் அதைத்தான் அதிகம் வலியுறுத்த வேண்டும். கூட்டத்திலேயே இரண்டு பெற்றோரை எழுப்பி அந்தக் கேள்விகளைச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

வராதவர்களுக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் இரண்டு நிமிடக் குரற்பதிவு அனுப்புங்கள். நீண்ட எழுத்துச் செய்தி வேண்டாம், அதைப் பலர் திறப்பதே இல்லை.

இன்னொரு இடத்துக்கும் போகவேண்டும்: பாடசாலை வாசலில் இருக்கும் கம்யூனிகேஷன் கடை. கடைக்காரரிடம் நேரில் போய், எந்த வகுப்பு என்ன ஒப்படை செய்கிறது என்று சொல்லுங்கள். முழு ஒப்படையையும் எடுத்துக் கொடுக்காமல், பிள்ளை கேட்கும் ஒரு பக்கத்தை மட்டும், அதன் இணைய முகவரி அடியில் தெரியும்படி பிறிண்ட் பண்ணித் தரக் கேளுங்கள். அவரும் யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன்தான். மரியாதையாகக் கேட்டால் செய்வார்.

5. தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

“நீர்வளம்” என்பது தலைப்பு. அதற்கு விடை தேட முடியாது, பிரதி எடுக்கத்தான் முடியும். பிள்ளைகள் பார்த்து எழுதுவதற்கு முதற்காரணம் சோம்பலல்ல, நாம் கொடுக்கும் தலைப்பு. கேள்வி எவ்வளவு ஊரோடு ஒட்டியதோ அவ்வளவுக்கு இணையத்தில் தயார் விடை கிடைக்காது.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் போன்ற கரையோர ஊர்களுக்கு: “எங்கள் ஒழுங்கைக் கிணறுகள் ஏன் வெயில் காலத்தில் உப்புக் கரிக்கின்றன?” வாவியோரத்துக்கு: “முகத்துவாரத்தை ஏன் வெட்டுகிறார்கள், வெட்டினால் மீனுக்கு என்ன, வயலுக்கு என்ன?” உன்னிச்சை, நவகிரிக் குளங்களை நம்பிய ஊர்களுக்கு: “சிறுபோகத்தில் ஏன் எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை?”

கேள்வியை மூன்று உரைகல்லில் உரசிப் பாருங்கள். நூலகத்தில் ஒரு நூலாவது அதைத் தொடுகிறதா? ஊரில் பதில் சொல்லக்கூடிய ஆள் இருக்கிறாரா? இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்ல வாய்ப்புண்டா? மூன்றாவது இல்லையென்றால் ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சியே நடக்காது.

ஒரு எச்சரிக்கை. 2004 ஆழிப்பேரலையையோ யுத்த காலத்தையோ முதற் கேள்வியாக எடுக்காதீர்கள். நம் வகுப்பறைகளில் இருக்கும் குடும்பங்களில் இழப்பில்லாத வீடு குறைவு. பிள்ளை ஒப்படைக்காகக் கேட்கும் கேள்வி அம்மம்மாவை எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியாது. வரலாறுதான் வேண்டுமென்றால் 1978 நவம்பர் சூறாவளியை எடுக்கலாம். முதியவர்கள் அதைப் பற்றிப் பெரும்பாலும் தாமாகவே பேசுவார்கள். அதிலும், சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக்கூடாது என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

இதற்குப் பின் வரும் படிகளுக்குக் கிணற்றுக் கேள்வியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

6. தேடு சொற்களைச் சேர்த்தல்

நூலுக்குப் போகுமுன் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். கொப்பியை இரண்டு நிரலாகப் பிரித்து, இடப்பக்கம் வீட்டில் சொல்லும் சொல், வலப்பக்கம் பாடநூலில் வரும் சொல். உப்புக் கரிக்கிறது – உவர்த்தன்மை. ஊற்று – நிலத்தடி நீர். கடல் தண்ணி உள்ள வாறது – உவர்நீர் ஊடுருவல்.

இந்தப் பட்டியல் இல்லாத பிள்ளை “கிணறு” என்று பொருளடைவில் (நூலின் கடைசியில் சொற்களையும் பக்க எண்களையும் அகர வரிசையில் தரும் பட்டியல்) தேடும், காணாது, “புத்தகத்தில இல்ல மிஸ்” என்று சொல்லும். நூல் இருக்கிறது, சொல்தான் வேறு. இணையத்திலும் அப்படியே. முழுக் கேள்வியையும் அடிக்கும் பிள்ளைக்கு எங்கோ உள்ள ஊரின் செய்தி வரும். “நிலத்தடி நீர் உவர்த்தன்மை கரையோரம்” என்று அடிக்கும் பிள்ளைக்கு வேண்டியது வரும். இடப்பக்க நிரலை வீட்டில் நிரப்பச் சொல்லுங்கள். பெற்றோர் உதவும் முதல் வேலை இது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

7. முதலில் நூல், பிறகு இணையம்

வரிசையை மாற்றாதீர்கள். நூலில் பொருளடக்கம், தலைப்பு, உபதலைப்பு, பொருளடைவு என்று வாசல்கள் கண்ணுக்குத் தெரியும். தகவல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் என்பதைப் பிள்ளை அங்கே கண்டுகொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் வராமல் போனைக் கொடுத்தால், முதலில் வந்ததை விடை என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு பாடவேளை 40 நிமிடம் என்றால் பிள்ளைகளை நால்வர் கொண்ட குழுவாக்கி, ஒரு குழுவுக்கு ஒரு தட்டு எண் கொடுங்கள். நூலைத் திறந்து வாசிக்கத் தொடங்கக்கூடாது. முதலில் பொருளடைவைப் பார்த்து, தம் சொற்பட்டியலில் உள்ள ஏதாவது இருக்கிறதா என்று பக்க எண்ணை மட்டும் குறிக்க வேண்டும். பொருளடைவே இல்லாத தமிழ் நூல்கள் நிறைய உண்டு. அங்கே பொருளடக்கத்தையும், அத்தியாயத்தின் முதற் பந்தியையும் பார்க்கப் பழக்குங்கள்.

இணையத்துக்கு வரும்போது போக வேண்டிய இடங்களை நீங்களே சொல்லுங்கள். “நூலகம்” என்ற பெயருள்ள இணைய எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் மலர்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் பெட்டியில் இல்லாத பழைய மலர் அங்கே இருக்கலாம். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவவும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவைத் தடை செய்யாதீர்கள். சொற்களைக் கண்டுபிடிக்கவும், பக்கத்தின் அடியில் உள்ள மேற்கோள்களைப் பின்தொடரவும் அது நல்ல இடம். அங்கேயே நின்றுவிடக்கூடாது, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் விடைக்கும் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்த அதே கேள்விதான்: இதை யார் சொன்னது, எங்கே இருந்தது? பதில் இல்லையென்றால், வேறு மூலத்தில் கண்டுபிடிக்கும்வரை அதைக் கொப்பியில் எழுதக்கூடாது.

8. வீட்டுச் செவ்வி

இந்தப் படியில்தான் பிள்ளைகள் மாறுவதைப் பார்க்கலாம். அவசரப்படாமல் செய்யுங்கள்.

செவ்வி நூல் தேடலுக்குப் பிறகே வரவேண்டும். ஒன்றும் வாசிக்காமல் போகும் பிள்ளை, “கிணறு பற்றிச் சொல்லுங்க” என்று கேட்டு, இரண்டு வரியோடு திரும்பும். மழைநீர் மணலில் இறங்கி, பாரங்கூடிய உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது என்பதைப் படித்துவிட்டுப் போகும் பிள்ளையின் கேள்வி வேறு: “மோட்டர் வைக்க முதல் இந்தக் கிணறு எப்படி இருந்தது? பட்டை போட்டு அள்ளின காலத்தில கரிச்சதா?” அதற்கு வரும் பதிலும் வேறு.

பிள்ளை ஐந்து கேள்வி எழுதும். நீங்கள் பார்த்து, ஆம் இல்லை என்று பதில் வரக்கூடியவற்றை மாற்றிக் கொடுங்கள். “உப்பா?” என்பது “எப்போது உப்பாகும்? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்று மாறட்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களில் பல நம் தட்டில் உள்ள புத்தகங்களில் கிடைக்காது. சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு அவியாது, தேத்தண்ணி நிறம் மாறும், மிளகாய்க் கன்றின் இலை விளிம்பு கருகும் என்று அம்மாக்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள்.

பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். எழுத்துத்தமிழுக்கு மாற்றுவது பிறகு. கூடவே நான்கு விபரம்: சொன்னவர் பிள்ளைக்கு என்ன முறை, ஏறக்குறைய வயது, என்ன தொழில், எந்தத் திகதியில் சொன்னார். ஒருவருடைய பேச்சுக்கு இந்த நான்கும், ஒரு நூலுக்கு ஆசிரியர் பெயரும் வெளியீட்டு ஆண்டும் எதற்காகவோ அதற்காகத்தான்.

குரலைப் பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி கேட்கவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தாயிடமோ தகப்பனிடமோ குரற்செய்தியாகவே கேள்வியை அனுப்பலாம். கட்டாரிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையின் ஒப்படைக்குப் பதில் சொல்லி அனுப்பும்போது அந்த வீட்டில் அது வெறும் ஒப்படையாக இருப்பதில்லை. இந்த வாய்ப்பைக் கட்டாயம் வகுப்பில் சொல்லிவிடுங்கள். யாருக்கு என்று பெயர் குறிக்காமல், பொதுவாக.

வீட்டில் பதில் சொல்ல எவருமில்லாத பிள்ளைக்கு அயலவர், பாடசாலைக் காவலாளி, சிற்றுண்டிச்சாலைக்காரர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று ஓர் ஆளை நீங்களே ஒழுங்கு செய்து வையுங்கள். இது உடனே நினைவுக்கு வராது, பிள்ளையின் முகம் வாடிய பிறகுதான் தெரியும்.

9. குறிப்பெடுத்தல்

பார்த்து எழுதுவதை நிறுத்த ஒரே வழி, எழுதும்போது நூலை மூடச் செய்வது. ஒரு பந்தியை வாசி, நூலை மூடு, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல், பிறகு எழுது. இந்த நான்கையும் வகுப்பில் செய்து காட்டுங்கள். “உன் சொந்த வசனத்தில் எழுது” என்று வெறுமனே சொன்னால் பிள்ளை இரண்டு சொல்லை மாற்றிவிட்டு அதே வசனத்தை எழுதும்.

குறிப்புக்குக் கொப்பி வேண்டாம், ஏ4 தாளை நாலாக வெட்டிய துண்டு போதும். ஒரு துண்டில் ஒரு தகவல். தலையில் மூலம், அடியில் தகவல். மூலத்தை முதலில் எழுத வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் எந்த நூல் என்று மறந்துபோகும். ஆசிரியர், நூற்பெயர், ஆண்டு, பக்கம். இணையமென்றால் தளத்தின் பெயர், பார்த்த திகதி. ஆளென்றால் முன் சொன்ன நான்கு விபரம். துண்டுகளாக இருந்தால் மேசையில் பரப்பி, ஒத்ததை ஒன்றாகச் சேர்க்கலாம். எட்டுப் படியில் ஒழுங்கமைத்தல் என்பது இதுதான்.

10. முரண்பாடு வந்தால் மகிழுங்கள்

அப்பா சொன்னது ஒன்று, புத்தகம் சொல்வது வேறொன்று என்று பிள்ளை வந்து நிற்கும். புதியவர்கள் உடனே “புத்தகம்தான் சரி” என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையில், நாம் கூட்டிவைத்துப் பெற்றோருக்குக் கொடுத்த இடம் போய்விடும்.

கிணற்றுக் கேள்வியில் இது கட்டாயம் வரும். நீர் எடுக்க எடுக்க உப்பு மேலே வரும் என்று நூல் சொல்லும். உப்புநீர் நன்னீரைவிடச் சற்றே பாரம் என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூல்களில் உள்ள கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழே உப்பு நிறைய ஏறிவிடும். அப்பாவோ, “ஆழிப்பேரலைக்குப் பிறகுதான் கெட்டது” என்பார். இருவரும் சரியாக இருக்கலாம். அலை வந்தபோது கிணறுகளுக்குள் கடல்நீர் நேரடியாக இறங்கியது. அது ஒரு காரணம். ஆண்டாண்டாக மோட்டரில் இறைப்பது இன்னொன்று. எந்தக் கிணறு அலை வராத தூரத்தில் இருந்தும் கரிக்கிறது என்று பிள்ளை அடுத்த வீட்டில் விசாரித்தால் விடை தெளியும். அந்த அடுத்த கேள்வியைப் பிள்ளையே கண்டுபிடிக்கக் காத்திருங்கள்.

சூறாவளியை எடுத்த வகுப்புக்கு இறந்தோர் தொகை மூலத்துக்கு மூலம் வேறாகக் கிடைக்கும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறித்தால் போதும். தரம் 7க்கு அதுவே பெரிய முன்னேற்றம்.

11. எழுதுதல், வீட்டாரின் முன் சொல்லுதல்

ஒப்படை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீளம் கூடினால் பிரதி கூடும். கேள்வி, கண்டறிந்தது, எதில் முரண், இன்னும் தெரியாதது, மூலங்கள். “இன்னும் தெரியாதது” என்ற பகுதியை வெறுமையாக விட்டால் புள்ளி குறையும் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் மிக நேர்மையாக எழுதுவது அதைத்தான்.

முன்வைப்புக்குப் பதாகை, மேடை, பிரதம விருந்தினர் எதுவும் வேண்டாம். விருந்தினர் வந்தால் பேச்சு நீளும், பிள்ளையின் நேரம் குறையும். நூலக மேசைகளில் பிள்ளைகள் இருப்பார்கள், பெற்றோர் மேசைமேசையாகப் போய்க் கேட்பார்கள். ஒவ்வொருவரும் தம் பிள்ளையல்லாத இரண்டு பிள்ளைகளிடமாவது, முதற்கூட்டத்தில் சொல்லிப் பழகிய அந்த மூன்று கேள்விகளைக் (யார் சொன்னது, எங்கே இருந்தது, வேறு யாரும் சொல்கிறார்களா) கேட்க வேண்டும். தன் பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் தாய்க்கு ஒப்பிட ஒன்றுமிருக்காது. செவ்வி கொடுத்தவரின் பெயர், அவர் இணங்கினால், ஒப்படையில் மூலமாக இருக்கவேண்டும். புத்தகத்தின் பெயரோடு தன் பெயரும் வரிசையில் இருப்பதை அவர் அங்கே பார்ப்பார்.

12. புள்ளி, பதிவு, அடுத்த வகுப்பு

பாட ஆசிரியரோடு முன்கூட்டியே பேசி, புள்ளியில் பாதியைத் தேடிய வழிக்கு ஒதுக்குங்கள்: சொற்பட்டியல், குறிப்புத் துண்டுகள், செவ்வி, மூலப் பட்டியல். முழுப் புள்ளியும் முடிந்த தாளுக்கே என்றால் அடுத்த முறை பிறிண்ட் எடுத்த பைல் திரும்ப வரும்.

ஒவ்வொரு செவ்வித் தாளின் பிரதியையும், சொன்னவர் சம்மதித்திருந்தால், ஊர்ப் பெட்டியில் சேருங்கள். சேர்வுப் பதிவேட்டில் ஓர் எண் கொடுத்து, ஊர், விடயம், ஆண்டு மூன்றையும் மேலே எழுதுங்கள். அடுத்த ஆண்டு தரம் 7 இதே கேள்வியை எடுக்காது, ஆனால் அண்டைக் கேள்வியை எடுக்கும். அப்போது பெட்டியில் நூலகத்தின் வேறெந்தத் தட்டிலும் இல்லாத மூலம் இருக்கும். சம்மதிக்காதவரின் தாளை அன்றே பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோருக்கு நன்றிக் கடிதம் அனுப்பும்போது அடுத்த கேள்வி என்னவாக இருக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். பதில் கிணற்றிலிருந்து நண்டுக்கும், நண்டிலிருந்து கண்ணாக் (கண்டல்) காட்டுக்கும் போகும். அந்தப் பட்டியலைப் பாட ஆசிரியரிடம் கொடுத்து, அவருடைய அடுத்த அலகோடு பொருந்துவதைத் தெரிவு செய்யுங்கள்.